எதிர்ப் பட்டியலில் ஒரு பெயர்

காலை ஆறு மணி பத்து நிமிடம். வூப்பர்டாலில் எங்கள் சமையலறை மேசையில் முதலில் கண்ணில் பட்டது என் தங்கை ஜெசிந்தாவின் முகம். நான்கு நிறத்தில் அச்சடித்து மூன்றாக மடித்த ஒரு துண்டுப்பிரசுரம். அதில் வரிசை வரிசையாக முகங்கள், ஒவ்வொன்றும் தபால் முத்திரையைவிடச் சற்றுப் பெரியவை. முதல் வரிசையில், மீசை வைத்த ஒரு நோர்வேக்காரருக்கும் கண்ணாடி போட்ட ஒரு முதிய பெண்ணுக்கும் நடுவில், பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மாலை நோர்வேயிலிருந்து வந்திறங்கியவள், பயணப் பையைக் கிளறும்போது அதை எடுத்து மேசையில் போட்டு, அதன்மேல் தேநீர்க் கோப்பையையும் வைத்துவிட்டுப் படுக்கப் போயிருக்கிறாள். கோப்பையின் வளையம் மீசைக்காரரின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போலக் காய்ந்திருந்தது.

எனக்கு நோர்வேஜிய மொழி தெரியாது. ஆனால் ஜெர்மன் தெரிந்தவனுக்கு அச்சடித்த நோர்வேஜியத்தில் பாதியாவது பிடிபடும். தேர்தல் என்று பிடிபட்டது. செப்டெம்பர் என்று பிடிபட்டது. ஜெசிந்தாவின் பெயருக்கு முன்னால் நான்காம் இலக்கம் இருந்தது. நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

ஊரில் நான் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவன். உள்ளூராட்சி உறுப்பினர் ஒருவரின் படம் இந்த அளவில் எங்கள் மேசைக்கு வந்தால், அது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான். அந்தச் செய்திக்கென்று எங்களிடம் ஆயத்தமான சொற்கள் இருந்தன: ‘அடையாளம் தெரியாதோர்’, ‘வாசலுக்கு அழைக்கப்பட்டு’, ‘ஸ்தலத்திலேயே’. பெயரையும் இடத்தையும் மட்டும் மாற்றினால் போதும். எங்கள் அம்மாவின் தம்பி பள்ளிக்கூட ஆசிரியர். பட்டின சபையில் உறுப்பினராக இருந்தார். தெருவிளக்கும் கிணறும் தவிர வேறு எதையும் பற்றிப் பேசியதில்லை. ஒரு பின்னேரம் யாரோ படலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட, “ஆரது?” என்று கேட்டுக்கொண்டே போனார். அந்தச் செய்தியைத் திருத்தி அச்சுக்குக் கொடுத்தது நான்தான். ஆயத்தமான சொற்களையே பயன்படுத்தினேன். வேறு சொற்கள் இருக்கவில்லை.

ஜெசிந்தா ஏழு மணிக்கு எழும்பி வந்தாள். பேர்கன் நகருக்கு வடக்கே, இரண்டு படகுத்துறை தாண்டி ஒரு சிறிய கரையோர ஊரில் அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. இங்கே ஜெர்மனியில் நடக்கும் கெவெலார் மாதா திருவிழாவுக்கு, அவளுடைய ஊரிலேயே இருக்கும் ஒரு தமிழரின் வான் வண்டியில் பிள்ளைகளுடன் வந்திருந்தாள். அந்த ஆகஸ்ட் ஜெர்மனியில் யாரும் மறக்காத வெயில். காலையிலேயே சுவர் சுட்டது.

“என்னடி இது?” என்று பிரசுரத்தைக் காட்டினேன்.

“ஓ, அதோ? கொம்யூனத் தேர்தல். என்னையும் போட்டிருக்கினம்.”

கொம்யூன என்பது அவர்களுடைய ஊராட்சி. பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், தண்ணீர், தெருவில் விழும் பனி எல்லாம் அதன் பொறுப்பு.

“ஆரைக் கேட்டு ஓமெண்டனி?”

“என்னைக் கேட்டினம், நான் ஓமெண்டன். வேற ஆரைக் கேக்கவேணும்?” பாணில் பட்டர் பூசிக்கொண்டே சொன்னாள். “எங்கட இல்லத்துக் குசினியை மூடப்போறாங்கள் அண்ணை. பக்கத்து ஊரிலயிருந்து லொறியில குளிர்ச் சாப்பாடு வருமாம், இஞ்ச சமையல் இல்லை, சூடாக்கிக் குடுக்கிறதாம். அந்தச் சனம் அறுபது வருசமாக் கடலில மீன் பிடிச்சுத் திண்ட சனம். பிளாஸ்டிக் பெட்டியில மீன் குடுத்தால் தின்னுங்களோ?”

“குசினிக்காக நீ உயிரை விடப்போறியோ?”

“ஆர் உயிரை விடுறது? விசர்க் கதை கதைக்காதேங்கோ.”

உடனே பெயரை எடுத்துவிடு என்றேன். எடுக்க முடியாது என்றாள். விருப்பமில்லாதவர்கள் அதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காலம் கடந்துவிட்டது, வாக்குச்சீட்டும் அச்சாகிவிட்டது. அது மட்டுமல்ல, தெரிவாகிவிட்டால் ஏற்றுக்கொள்வது சட்டப்படி கடமை. வயலின் வகுப்பு, முதுகுவலி என்று சொல்லித் தப்ப முடியாது. எங்கள் நாட்டில் பதவிக்காக ஆள் ஆளைக் கொன்றான். அங்கே பதவியைக் கழற்றிவிட்டு ஓடாமலிருக்கச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அன்று காலை அது எனக்குச் சிரிப்பாகப் படவில்லை. தப்ப முடியாது என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

அந்த வருடம் எங்கள் ஆட்களின் வாயில் நோர்வே என்ற பெயர் வராத நாளே இல்லை. எங்கள் நாட்டுச் சமாதானப் பேச்சில் நடுவில் நின்ற நாடு அது. அவர்களுடைய தூதர் எந்த விமானத்தில் எங்கே இறங்கினார் என்று எங்கள் தமிழ்க்கடையில் அரிசி நிறுப்பவருக்கும் தெரியும். ஆனால் அந்த நாடு தன்னை எப்படி ஆள்கிறது என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அன்று காலை தங்கை சொன்னதில் சிலவற்றைச் செய்தியாளனின் பழக்கத்தால் மனதில் குறித்துக்கொண்டேன். அங்கே ராஜா உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அமைச்சர்கள் அவர் முன்னால் கூடுவார்கள், ஆனால் முடிவெடுப்பது அமைச்சர்கள்தான். ஸ்டோர்டிங் எனப்படும் நாடாளுமன்றத்தை ராஜாவாலும் பிரதமராலும் இடைநடுவில் கலைக்க முடியாது. நான்கு வருடம் என்றால் நான்கு வருடம். நாடாளுமன்றத் தேர்தலுக்கு இரண்டு வருடம் கழித்து ஊராட்சித் தேர்தல், அதற்கு இரண்டு வருடம் கழித்து மீண்டும் நாடாளுமன்றம். பாராளுமன்றம் கலைந்தது என்று கடைசி நேரத்தில் முதல் பக்கத்தைப் பிரித்து அடுக்கியவனுக்கு இது நம்ப முடியாத ஒழுங்கு. ஊராட்சித் தேர்தலில் வாக்களிக்கவோ நிற்கவோ குடியுரிமையும் தேவையில்லை. மூன்று வருடம் தொடர்ந்து அங்கே வதிந்தால் போதும்.

இதையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது குணரத்தினம் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்து உட்கார்ந்தார். அவர்தான் வான் ஓட்டி வந்தவர். காரைநகர்க்காரர், சைவ சமயத்தவர், ஆனால் கெவெலார் மாதாவிடம் வருடா வருடம் வருகிறவர். என் மனைவி றீற்றா அவித்த இடியப்பத்தைத் தட்டில் வைத்தாள். அவர் சொதியை ஊற்றிக்கொண்டு பிரசுரத்தைப் பார்த்தார்.

“இந்தப் படத்தில நல்லா விழுந்திருக்கிறியள், அக்கா. எங்கட பிரசுரத்தில என்ர முகம் களவெடுத்து அம்பிட்டவன்ர மாதிரி.”

“எங்கட பிரசுரமோ?” என்று கேட்டேன்.

“குணம் மற்றப் பக்கம் அண்ணை,” என்றாள் ஜெசிந்தா. “வலதுசாரி. ஏழாம் இலக்கம். இவையள்தான் குசினியை மூடச் சொல்லுறது.”

“மிச்சம் பிடிக்கத்தானே சொல்லுறம்,” என்றார் குணம். “அக்கா, அந்தச் சம்பலை இஞ்சால தள்ளுங்கோ.”

அவள் தள்ளினாள். இரண்டு எதிர்க் கட்சி வேட்பாளர்கள், ஒரே ஊர், ஒரே வானில் டென்மார்க் கப்பல் ஏறி, எல்லை தாண்டி வந்து, என் மேசையில் ஒரே கோப்பைச் சம்பல் தின்றார்கள். எங்கள் பத்திரிகையில் இருபது வருடம் முன்பு இப்படி ஒரு செய்தியை யாராவது எழுதிக் கொடுத்திருந்தால், தகவல் பிழை என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

சாப்பாடு முடிந்ததும் குணத்தைப் பல்கனிக்குக் கூட்டிப்போனேன். கதவைச் சாத்தினேன். ஊரில் இப்படியான விஷயங்களை எப்படிப் பேசுவோமோ அப்படியே பேசினேன்; எனக்கு வேறு முறை தெரியாது.

“தம்பி, ஒண்டு சொல்லவேணும். நீர் பிழையா நினைக்கக் கூடாது.”

“சொல்லுங்கோ அண்ணை.”

“அவள் சின்னப் பெட்டை. அரசியல் ஒண்டும் தெரியாது. உம்மட ஆக்களிட்டச் சொல்லி, ஒரு கரைச்சலும் வராமப் பாத்துக்கொள்ளும். அவள் வென்றாலும் பெரிசா வாய் திறக்காமல் இருக்கச் சொல்லி நான் பாத்துக்கொள்ளுறன்.”

அவர் என்னைப் பார்த்தார். “நாப்பது வயசுச் சின்னப் பெட்டை,” என்றார். பிறகு, “ஆரண்ணை என்ர ஆக்கள்?”

“உம்மட கட்சி.”

“என்ர கட்சித் தலைவர் ஒரு பல் டொக்டர். செயலாளர் பூக்கடை வைச்சிருக்கிற மனிசி. மிச்சப்பேர் பென்சன்காரர். ஆர் கரைச்சல் குடுக்கிறது? பல் டொக்டருக்கு எண்டால் எனக்கும் கொஞ்சம் பயந்தான்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கீழே தண்டவாளத்தில் தொங்கிப் போகும் சுவேபபான் ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் குரலைத் தணித்து, “ஆரைப் பறிகுடுத்தனியள்?” என்று கேட்டார்.

“மாமா. பட்டின சபை.”

“எனக்கு மச்சான். சபையுமில்லை ஒண்டுமில்லை. வாக்குச்சாவடியில கிளார்க் வேலை பாத்தவர், அவ்வளவுதான்.” துவாயைத் தோளில் மாற்றிப் போட்டார். “பட்டியலில பேர் போட்ட முதல் கிழமை நான் யன்னல் சீலையெல்லாம் இழுத்து மூடிப்போட்டு இருந்தனான். பிள்ளையள் என்னப்பா எண்டு கேட்டுதுகள். ஒண்டுமில்லை, வெயில் எண்டன். வெளியில மழை.”

பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் பிடிபட நேரம் எடுத்தது. அங்கே ஊராட்சித் தேர்தலில் ஒரு கட்சியின் பட்டியலைத்தான் வாக்குச்சீட்டாக எடுக்க வேண்டும். பிடித்த பெயர்களுக்குப் பக்கத்தில் புள்ளடி போடலாம். அத்துடன், எதிர்க் கட்சிப் பட்டியலில் உள்ள ஒருவரின் பெயரைத் தன் சீட்டில் கையால் எழுதவும் செய்யலாம். எழுதினால் தன் வாக்கில் ஒரு சிறு பங்கு கட்சி மாறி அந்தப் பக்கம் போய்விடும்.

“நான் அக்கான்ர பேரை எழுதப்போறன்,” என்றார் குணம்.

“நீர் எதிர்ப் பட்டியலில நிக்கிற ஆள்.”

“ஓம். என்ர மனிசி அந்தக் குசினியிலதான் வேலை. கட்சி மூடச் சொல்லுது. எனக்குக் கட்சியும் வேணும், வீட்டில சாப்பாடும் வேணுமெல்லே?”

“கட்சிக்குத் தெரிஞ்சால்?”

“பல் டொக்டரிட்டச் சொல்லிப்போட்டன். அவற்ர பொஞ்சாதி இன்னொரு கட்சி. போன முறை அவவின்ர பேரைத் தான் எழுதினவராம். இன்னும் அவவுக்குச் சொல்லேல்லையாம்.”

அடுத்த நாள் கெவெலாரில் ஆயிரக்கணக்கான தமிழர் நடுவே மெழுகுதிரி கொளுத்தினோம். ஜெசிந்தா எதற்காக வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை. நான் எதற்காக வேண்டினேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் தோற்க வேண்டும் என்றுதான் வேண்டினேன்.

அவர்கள் திரும்பிப் போன பின் வேலையிடத்தில் வொல்ட்டர்ஸ் என்ற என் கூட்டாளியிடம் இதைச் சொன்னேன். மருந்துப் பெட்டிகள் அச்சிடும் ஆலையில் அவரும் நானும் ஒரே இயந்திரத்தில் நிற்கிறவர்கள். என் தங்கை நோர்வேயில் தேர்தலில் நிற்கிறாள் என்றதும் “கிளுக்வுன்ஷ்!” என்று கையைக் குலுக்கினார், வாழ்த்து என்று. எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். அவர் முகம் மாறியது. அவ்வளவு மோசமான கட்சியா என்று கேட்டார். கட்சி நல்ல கட்சி என்றேன். அப்படியானால் யாராவது மிரட்டினார்களா? இல்லை. செலவு அதிகமா? இல்லை. அவர் யோசித்துவிட்டு, தன் மைத்துனர் ஒருமுறை நகரசபைக்கு நின்றார், தோற்ற பிறகு ஒரு மாதம் யாருடனும் பேசவில்லை, எனக்கும் அந்தக் கவலைதான் என்று முடிவெடுத்துக்கொண்டார். அன்று முழுவதும் தோல்வி பெரிய விஷயமில்லை என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நன்றி சொன்னேன்.

செப்டெம்பர் நடுப்பகுதியில் ஒரு திங்கட்கிழமை அங்கே தேர்தல். வேலை நாளில் தேர்தல் வைப்பார்கள். அதற்கு முன் சனிக்கிழமை ஜெசிந்தா தொலைபேசியில் எடுத்தாள். கடைத்தெருவில் கட்சிகளெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் மரக் கூடாரம் போட்டு, வருகிறவர்களுக்குக் கோப்பியும் வாஃபிளும் கொடுக்கின்றனவாம். இவளுடைய கூடாரத்தில் மா முடிந்துவிட, குணம் தங்கள் வாளியிலிருந்து கரைத்த மா கடன் கொடுத்தாராம். ஊர்த் தலைவர், ஓர்ட்ஃபோரர் என்பார்கள், சைக்கிளில் வந்து இரண்டு கூடாரத்திலும் தின்றுவிட்டுப் போனாராம்.

“காவலுக்கு ஆர் நிண்டது?”

“எதுக்குக் காவல்?”

“ஊர்த் தலைவருக்கு.”

“அவற்ர சைக்கிளுக்கே பூட்டு இல்லை அண்ணை.”

செவ்வாய்க்கிழமை காலை நான் ஆலைக்குப் புறப்படும்போது மீண்டும் எடுத்தாள். “அண்ணை, நான் வந்திட்டன்,” என்றாள். கட்சிக்கு மூன்று இடம்தான் கிடைத்திருந்தது. நான்காம் இலக்கத்தில் நின்றவளை மக்கள் போட்ட புள்ளடிகளும், பிற பட்டியல்களில் கையால் எழுதப்பட்ட பெயர்களும் மேலே தூக்கி மூன்றாம் இடத்தில் வைத்திருந்தன. இறங்கியவர் மீசைக்காரர். அவர்தான் முதல் ஆளாக வந்து கட்டிப்பிடித்து வாழ்த்தினாராம். குணம் தெரிவாகவில்லை. உறுப்பினர் யாராவது வராத நாளில் அவர் இடத்தில் உட்காரும் மாற்று உறுப்பினர் ஆனார்.

“சந்தோசந்தானே?” என்று கேட்டாள்.

“ஓம்,” என்றேன். பொய் சொன்னேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று வொல்ட்டர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் தோற்றுவிட்டாள் என்று நினைத்துத் தோளில் தட்டினார்.

ஒக்டோபரில் நகர நூலகத்துக் கணினியில் அவளுடைய ஊராட்சியின் இணையப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். உறுப்பினர் பெயர்கள் அகரவரிசையில் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கட்சி, தெருவின் பெயர், வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம். ஜெசிந்தாவுக்கும் அப்படியே.  பக்கத்தை உடனே மூடினேன், நான் மூடினால் உலகில் வேறு யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுபோல. நூலக வாசலில் இருந்த தொலைபேசிக் கூண்டிலிருந்தே அவளை அழைத்தேன்.

“உடனே எடுக்கச் சொல்லு. பேர் இருக்கட்டும். வீட்டு இலக்கத்தை எடுக்கச் சொல்லு.”

“எடுத்தால் சனம் எப்பிடி என்னட்ட வாறது?”

“சனம் வரத்தான் வேணாமெண்டு சொல்லுறன்.”

 பின்னால் அவளுடைய பிள்ளைகள் நோர்வேஜியத்தில் சண்டை பிடிப்பது கேட்டது. பிறகு மெதுவாக, “மாமாவை நினைக்கிறியள் என்ன?” என்றாள்.  “நானும் நினைக்கிறனான் அண்ணை. முதல் கூட்டத்துக்குப் போகேக்க அவரைத்தான் நினைச்சுக்கொண்டு போனன். ஆனா இலக்கத்தை எடுக்கமாட்டன்.”

டிசெம்பரில் ஒரு ஞாயிறு மாலை அவளுடன் கதைத்துக்கொண்டிருந்தபோது அவள் வீட்டு மணி அடித்தது. “ஆரோ வந்திருக்கினம், பொறுங்கோ,” என்று ரிசீவரை வைத்துவிட்டுப் போனாள். கதவு திறப்பது கேட்டது. ஒரு ஆணின் குரல், உரத்த குரல். ஒன்றும் விளங்கவில்லை. நான் எழுந்து நின்றேன். றீற்றா என்னவென்று கண்ணால் கேட்டாள். கையைக் காட்டி அவளை நிறுத்தினேன். குரல் இன்னும் உயர்ந்தது. பிறகு ஜெசிந்தாவின் குரல், அமைதியாக, ஒரு நீண்ட வாக்கியம். பிறகு இருவரும் சிரித்தார்கள். கதவு சாத்தும் சத்தம்.

“என்ன? ஆர்?”

“பக்கத்துத் தெருக் கிழவர். பனி வழிக்கிற வண்டி அவற்ர படலையடியில பனியைக் குவிச்சுப்போட்டுப் போட்டுதாம். கார் எடுக்க ஏலாதாம். நான் கொம்யூனவுக்குச் சொல்லுறன் எண்டன்.” மூச்சு வாங்கினாள். “அண்ணை? நிக்கிறியளோ?”

நான் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். சிரித்துக்கொண்டிருந்தேன் என்று றீற்றா பிறகு சொன்னாள். ஆகஸ்டிலிருந்து தோளில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கியதுபோல இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். குசினி விஷயம் அந்த மாத வரவுசெலவுக் கூட்டத்தில் வந்தது. கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் இன்னும் ஒரு வருடம் திறந்து வைப்பதாக முடிவானது. அன்று வலதுசாரிப் பக்கத்தில் ஒருவருக்குக் காய்ச்சல். அவருடைய இடத்தில் குணம் உட்கார்ந்திருந்தார். எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று கேட்டேன். “கூட்டம் முடிஞ்சு மனிசியிட்ட வீட்டை போக வேணுமெல்லே,” என்றாள் ஜெசிந்தா.

புது வருடம் பிறந்து சில நாட்களில் நான் எங்கள் கட்டடப் பராமரிப்பாளர் லென்ஸ் அவர்களிடம் போனேன். பதினொரு வருடமாக எங்கள் வாசல் அழைப்பு மணிப் பலகையில் முன்பு குடியிருந்த பிராண்ட் என்பவரின் பெயர்தான் இருந்தது. தபால்காரருக்கு நாங்கள் யார் என்று தெரியும், தமிழர்களுக்கு மூன்றாவது மணி என்று தெரியும்; அதற்கு மேல் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று விட்டிருந்தேன். பெயரை மாற்ற வேண்டும் என்றதும் லென்ஸ் வருத்தமாக, “வீட்டை விட்டுப் போகிறீர்களா, ஹெர் பிராண்ட்?” என்று கேட்டார். இல்லை, நான் பிராண்ட் இல்லை என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மூன்று வருடமாக அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், ஏன் ஒருமுறையாவது சொல்லவில்லை என்றார். அவருக்கு விளங்கும்படி சொல்ல எனக்கு ஜெர்மன் போதவில்லை. நீங்கள் மரியாதையாகக் கூப்பிட்டீர்கள், அதனால் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினார். அடுத்த கிழமை புதிய பலகை வந்தது. வெள்ளையில் கறுப்பு எழுத்து, வாசலிலிருந்து வாசிக்கலாம். மாலையில் றீற்றா கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு எழுத்தும் பிழையில்லை என்றாள்.

அந்த வருடம் செப்டெம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை வூப்பர்டாலில் நகரசபைத் தேர்தல் நடந்தது. எங்கள் தெருப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. ஜெர்மானியரும், ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும் வாக்களிக்கலாம். இரண்டாம் மாடி இத்தாலியர், இங்கே வந்து இரண்டு வருடம், கோட்டுப் போட்டுக்கொண்டு போய் வாக்களித்துவிட்டு வந்தார். எனக்கு வாக்கு இருக்கவில்லை.